வைக்கோல்போர் துள்ளிய ஞாயிறு

உறுவையாறு பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மாதா கோயிலில், திருவிழாப் பூசைக்கு மைக்கில் வேதம் வாசிப்பது சாதாரண காரியமில்லை. தென்னைமரத்தில் ஒலிபெருக்கி கட்டுவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும். எனக்கு அப்போது பத்து வயது. அந்த மைக்கில் என் குரல் வந்தே தீரவேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

குறுக்கே நின்றவர் என் பெரியப்பா. அவர்தான் உபதேசியார். பூசை வைக்கச் சாமியார் மாதம் ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது, வேதம் வாசிப்பது எல்லாம் பெரியப்பாதான். முப்பது வருடமாக ஒரு சொல் பிசகாமல் வாசிக்கிறார் என்று ஊரில் பேர். பிசகவில்லை, உண்மைதான். ஆனால் போர் மூண்டாலும் பிள்ளை பிறந்தாலும் ஒரே குரல். ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவதுபோல இருக்கும். அதுதான் பக்தி என்று நாங்களும் நம்பியிருந்தோம்.

திருவிழாவுக்கு முன்னால் பிள்ளைகளை வரிசையாக வாசிக்கவிட்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். பிசகக் கூடாது, அசையவும் கூடாது. மூன்று வருடமாக அவர் மகள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா. டவுன் கான்வென்ட் படிப்பு. நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்று வாசிப்பாள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் கொடுத்தது ஒரு திருப்பாடல். அடிமைப்பட்டுக் கிடந்த சனங்கள் விடுதலையாகி வெளியே வருகிறார்கள். அதைக் கண்டு கடல் ஓட்டம் பிடிக்கிறது. மலைகள் கிடாக்களைப் போலவும் குன்றுகள் குட்டிகளைப் போலவும் துள்ளுகின்றன. ஒரு வாரம் உருப்போட்டேன். ஒரு வரி என்ன சொல்கிறது என்றுகூட யோசிக்கவில்லை.

ஞாயிறு செபம் முடிந்தது. சனங்கள் பாயில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வழக்கம்போல் பிசகில்லாமல் முடித்தாள். அடுத்தது நான். பாதிவரை அவளைப் போலவே அசையாமல் வாசித்தேன். மலை துள்ளும் வரி வந்ததும்தான் வினை. மலையை நான் பார்த்ததே கிடையாது. எங்கள் பக்கம் எல்லாம் நெல்லும் கரும்புமாகத் தட்டைத் தரை. எனக்குத் தெரிந்த பெரிய உயரம் தெருமுனை வைக்கோல்போர்தான். குட்டி துள்ளுவதோ நன்றாகத் தெரியும். எங்கள் ஆடு ஈன்று பத்து நாள்கூட ஆகவில்லை. குட்டி நாலு காலையும் ஒன்றாகத் தூக்கி எகிறிவிட்டு, யார் என்னைத் தூக்கிப்போட்டது என்பதுபோல முழிக்கும். தெருமுனைப் போர் அப்படி எகிறி முழிப்பது கண்முன்னால் வந்துவிட்டது. கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன்.

"இன்னாடி சிரிப்பு, கோயில்ல?" என்றார் பெரியப்பா.

"வைக்கப்போரு குதிக்குது பெரிப்பா! நாலு காலும் ஒண்ணா!"

"வேதத்துல ஏதுடி வைக்கப்போரு? போயி ஒக்காரு."

மைக் போச்சு. போனதுதான் போச்சு என்று வாயைத் திறந்தேன். "மலைய நான் எங்க பாத்தேன்? குட்டி மாதிரி குதிச்சுதுன்னு நானா எழுதுனேன்? அதுலதான் போட்டிருக்குது!"

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு. நடவு நட்டு, ஆடு வளர்க்கிற பொம்பளைகள். "அய்ய, அப்படியா போட்டிருக்குது? இன்னொருவாட்டி படிடி" என்றது ஒரு குரல். நான் விடுவேனா? கண்ணால் பார்த்ததைச் சொல்வதுபோல வாசித்தேன். கடல் ஓடியதும் கடலோர மணப்பட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்த என் சித்தி எழுந்தே விட்டாள். "ஆமாண்டி! கடலு உள்வாங்குனா மணலு பளபளன்னு கெடக்கும், மீனு துடிக்கும். நான் பாத்திருக்கேன்!"

பெரியப்பா கையை உயர்த்தினார். "சட்டம்னா சட்டம். அவ அசைஞ்சுட்டா."

"மலையே அசைஞ்சுதாம், அவ அசைஞ்சா இன்னாவாம்?" என்றாள் சித்தி.

கோயிலே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். பெரியப்பா புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

திருவிழா அன்று வாசித்தேன் பாருங்கள், அடடா! கடலை விரட்டினேன், மலைகளை ஆடவிட்டேன். பூசை முடிந்து வெளியே வந்தால், சுண்டல் விற்கிறவர்கூட "நீதான மலைய குதிக்கவுட்ட பொண்ணு?" என்று கேட்டார். அன்று முழுவதும் என் கால் தரையில் படவில்லை.

மறுநாள் மத்தியானம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தை நீட்டினார். "அத கொஞ்சம் படி."

பிசகு பிடிக்க வந்திருக்கிறார் என்று எனக்கு உடனே புரிந்தது. சவால் விடுகிற மாதிரி, ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இன்னொருவாட்டி" என்றார். பிசகு சிக்கவில்லை போல என்று உள்ளுக்குள் கொண்டாட்டம். மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு எழுந்து போனார். "பெரிப்பா தோத்துட்டாரு!" என்று அம்மாவிடம் ஓடினேன்.

முப்பது வருடம் ஊருக்கெல்லாம் வாசித்தவருக்கு, பிசகு தேடாமல் உட்கார்ந்து கேட்கிற மாதிரி ஒருநாள்கூட யாரும் வாசித்துக் காட்டியதில்லை என்பது அந்தப் பத்து வயதுக் கழுதைக்கு எங்கே தெரியும்?