சௌமியாவின் கட்டில்

விரட்டிவிட்டார்களாம்! யார் சொன்னது? போர்ட் பிளேயர் லம்பா லைன் குழாயடியில் மரகதம் சொன்னாளாம், பக்கத்து வீட்டு ஷீலா தலையாட்டினாளாம். சாயங்காலத்துக்குள் அது சாத்தம் மர மில் வரைக்கும் போய், அங்கே வேலை பார்க்கும் யோகராஜிடமே ஒருவன் கேட்டானாம்: "உங்க பொண்ண ஹாஸ்டல்ல இருந்து அனுப்பிட்டாங்களாமே?" பெற்ற தகப்பனிடம் கேட்கிற கேள்வியா இது? நடந்ததைச் சொன்னால் அவர்களுக்கே வெட்கமாயிருக்கும்.

யோகராஜின் மகள் சௌமியா எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கத் திருச்சிக்குப் போனது ஆகஸ்டில். கப்பலில் மூன்று நாள், அப்புறம் ரயில். விடுதியில் அறைக்கு மூன்று கட்டில். ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு. முதல் வாரம் அவள் வாயைத் திறந்தாலே சிரிப்பு. அவசரம் என்றால் தீவு ஹிந்தியில் 'ஜல்தி' என்பாள். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பமல்லவா, முடியாது என்பதற்கு 'ஏலாது' என்பாள்.

"நீ ஹிந்திக்காரியா, சிலோன்காரியா?" என்றாள் அடுத்த கட்டில் அகிலா, தேனிக்காரி. "ஆமா, உங்க தீவுல ஆளுங்க துணி கட்டுவாங்களா?"

"கட்டுவோம். துவைக்கவும் செய்வோம். உன் துணி மூணு நாளா பக்கெட்லயே ஊறுது, பாரு."

அன்றிலிருந்து அகிலா அவள் கட்சி.

போர்ட் பிளேயரில் குழாய்த் தண்ணீருக்கு நாள் பார்த்து வளர்ந்த பிள்ளை. விடிந்ததும் கண்ணில் பட்ட பக்கெட்டையெல்லாம் நிரப்பிவிடுவாள். தன்னுடையது, அகிலாவுடையது, வராந்தாவில் கிடக்கும் யாருடையதோ. "இங்க எப்பத் திறந்தாலும் தண்ணி வரும்டி" என்று கேலி செய்தார்கள். அக்டோபரில் மோட்டார் எரிந்துபோனது. இரண்டு நாள் மாடி முழுக்க அவள் கதவைத்தான் தட்டியது. அதற்கப்புறம் சீனியர் பெண்களுக்குக்கூட அவள் 'சௌமியாக்கா'. சமையல்கட்டில் தோசை கேட்காமலே இன்னொன்று விழும். அப்படி ஊன்றிவிட்ட பெண்ணையா விரட்டுவார்கள்?

தப்பு நடந்தது டிசம்பரில். விடுமுறைக்குக் கிளம்பும்போது காப்பாளர் விசாலாட்சி மேடத்தின் மேசையில் ஒரு படிவம். போகும் தேதியை எழுதினாள். திரும்பும் தேதி என்ற இடத்தில் பேனாவை வைத்தாள், எடுத்துவிட்டாள். தீவில் பிறந்தவள் அதை எப்படி எழுதுவாள்? கப்பல் அறிவிப்பு வரவேண்டும், கடல் அடங்கவேண்டும், டிக்கெட் கிடைக்கவேண்டும். அதற்கு முன்னால் தேதி சொல்வது பொய் சொல்வதுபோல. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தாள். அந்த விடுதியிலோ, திரும்பும் தேதி எழுதாதவள் அறையைக் காலி செய்தவள் என்று கணக்கு.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள், ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே தங்கியிருந்த அகிலாவின் போன். "எருமை, உன் பெட்டிய வெளிய வச்சிட்டாங்கடி! கட்டில வேற பொண்ணுக்கு எழுதிட்டாங்க. நான் என் ஈரத்துணிய எல்லாம் அது மேல பரப்பிப் போட்டு வச்சிருக்கேன், ஒருத்தியும் உக்கார முடியாது."

கறிவேப்பிலை கேட்டு வந்து நின்ற மரகதத்தின் காதில் விழுந்தது முதல் வரி மட்டும். அது போதாதா அவளுக்கு?

சௌமியா உடனே காப்பாளரைக் கூப்பிட்டாள்.

"தேதி போடாமப் போனா காலி பண்ணிட்டேன்னுதானேம்மா அர்த்தம்?"

"மேடம், தெரிஞ்சா போட்டிருப்பேன். எங்க ஊர்க் கப்பல் என்னைக்குக் கிளம்பும்னு கப்பலுக்கே தெரியாது மேடம்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "சரி, ஜனவரி மூணாம் தேதி காலையில நேர்ல வந்து கையெழுத்துப் போடு. வரலைன்னா கட்டில் அந்தப் பொண்ணுக்குத்தான்."

கப்பல் இருந்தது இருபத்தொன்பதாம் தேதி. அதை விட்டால் பொங்கல் நெருக்கத்தில்தான். அம்மா ஜெயராணிக்கு மனசு வரவில்லை.

"வந்து நாலு நாள்தான் ஆகுது, பிள்ள. புது வருசத்துக்கு இருந்துட்டுப் போ. கட்டில் போனாப் போகுது, வெளிய ரூம் பாத்துக்கலாம்."

"ஏலாதும்மா. எனக்கு அந்தக் கட்டில்தான் வேணும்."

"அப்படி என்ன தங்கக் கட்டிலா?"

"தகரக் கட்டில்தான். திரும்பிப் படுத்தா கிறீச்சுன்னும். ஆனா அங்க என்னைத் திட்டுறதுக்கு அகிலா இருக்கா."

ஜெயராணி கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில், வாய்க்கு வாய் சண்டை போட்டாலும் பக்கத்து வரிசை அழகம்மா இல்லாமல் அவள் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. எழுந்துபோய் மகளின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். யோகராஜ் விடியுமுன்னே போய் வரிசையில் நின்று கப்பலில் மலிவான பங்க் படுக்கைக்கு டிக்கெட் வாங்கி வந்தான்.

இருபத்தொன்பதாம் தேதி காலை. மூன்று உறையில் சுற்றிய கருவாடு பையின் அடியில் போனது. விடுதியில் கூடாதுதான், அகிலா கேட்டாளே. வாசலில் மரகதம் நின்றாள்.

"என்னடி, திரும்பச் சேத்துக்கிட்டாங்களா?"

"ஆன்ட்டி, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. ஆட்டோ வருது."

அம்மா அழப்போகிறாள் என்று சௌமியா மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ஜெயராணியோ ஆட்டோக்காரனிடம் ஹிந்தியில் சண்டையைத் தொடங்கியிருந்தாள்: பிள்ளையைக் கப்பல்துறை வாசலிலேயே இறக்கவேண்டும், நடுவில் வேறு ஆள் ஏற்றக்கூடாது. சௌமியா செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.