கிழக்கு பெர்லினில் வாங்கிய இடியப்ப உரல்

1987 ஈஸ்டர் விடுமுறையில் அண்ணையும் நானும் மேற்கு பெர்லினில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனோம். பிரான்சில் கார் து நோர் ரயில் நிலையத்தில் ஏறினால் பதினான்கு மணி நேரம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் போய், ஏதாவது ஞாபகப் பொருள் வாங்கி வருவது என் யோசனை. (அண்ணை இதை இன்னும் மன்னிக்கவில்லை.)

காலை பத்து மணிக்கு எல்லை. விசாவுக்கு ஐந்து மார்க். அதோடு ஆளுக்கு இருபத்தைந்து மார்க்கைக் கட்டாயம் அவர்களுடைய காசாக மாற்ற வேண்டும். மிஞ்சியதை வெளியே கொண்டுவர முடியாது. மார்க்கைச் செலவழிக்க மார்க்கம் தேடுவதுதான் அங்கே சுற்றுலா.

இரண்டு கிலோமீட்டர் நடந்து பெரிய கடைக்குப் போனோம். செய்தித்தாளோடு ஒருவர் பின்னால் வந்தார். நாங்கள் நின்றால் அவரும் நின்றார். தாளை ஒரு தடவையும் புரட்டவில்லை என்று அண்ணையிடம் சொல்லிச் சிரித்தேன்.

"பகிடி விடாதை. வாயை மூடிக்கொண்டு வா," என்றார் அண்ணை.

கடையில் பதக்கங்களும் அஞ்சலட்டைகளும்தான். மூன்றாம் மாடியில் மட்டும் பிஸ்கட் பிழியும் உலோகக் குழாய் ஒன்று, பதினான்கு மார்க் ஐம்பது. அசல் இடியப்ப உரல்! அம்மாவுக்கு வாங்கினேன்.

மாலை ஐந்து மணி. அண்ணை முதலில் எல்லையைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் கதவு பூட்டிக்கொண்டது. அதிகாரி என் பையிலிருந்து குழாயைத் தூக்கி, "வாஸ் இஸ்ட் டாஸ்?" என்றார். இது என்ன என்கிறார். பயத்தில் பிரெஞ்சுகூட வரவில்லை.

"உரல்."

"ஊரால்?" அவர் முகம் இறுகியது. சோவியத் இராணுவ லொறி ஒன்றுக்கு அந்தப் பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? குழாயையும் என் இலங்கைக் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிரெஞ்சு விசா அதில்தான் இருந்தது. அது வராவிட்டால் லா சப்பலில் எங்கள் வீடும் இல்லை, அம்மாவும் இல்லை. கடவுச்சீட்டு உள்ளே, என்னோடு மிச்சம் கடவுள் மட்டும்.

சுவர்க் கடிகாரத்தில் பதினேழு நிமிடம். வந்தவர் வேறு ஆள், வயதானவர். மாப் பிசைவதுபோல் கையால் காட்டி, "மூட்டர்?" என்றார். அம்மாவுக்கா என்கிறார். வீட்டில் ஆம் என்பதற்குச் சொல்லிப் பழகிய வாய்:

"ஓமண்ணை."

"ஆ, ஓமா!" அவர் சிரித்தார். ஜெர்மனில் அது பாட்டியாம். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது, குழாயும் திரும்பி வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னடா சொன்னனி அவனுக்கு?" வெளியே அண்ணையின் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஓமெண்டு மட்டும்."

போகிறவர்கள் கடைப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். எதை வாங்கினாலும் அதன் பெயரை ஜெர்மனில் எழுதி வாங்குங்கள். குழாய் மாதிரி எதுவும் வேண்டாம்.

வீட்டில் அம்மா மாவைப் பிழிந்தார். இடியப்பம் நட்சத்திரம் நட்சத்திரமாக விழுந்தது.

"உரல் நல்லாத்தான் இருக்கடா," என்றார் சத்தமாக.

நான் எழுந்து போய் வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.