சித்தியின் ஏரிச் சுற்று

எங்கள் ஊரில் யாராவது ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். பஸ் கிளம்பியிருக்கும், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீரப்போகும், இல்லையென்றால் யாருக்காவது இழுத்துக்கொண்டிருக்கும். இது எதுவுமே இல்லாமல் கல்யாண வயதுப் பெண்ணொருத்தி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு விடியற்காலையில் ஓடினால், அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கச் செண்பகனூரில் ஆள் கிடையாது. என் சித்தி அப்படி ஓடினாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு இருவரையும் வளர்த்து ஆளாக்கியவர் மாமா, அம்மாவுக்கு அண்ணன். கொடைக்கானல் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவரும் சித்தியும் தங்கியிருந்தது எங்கள் வீட்டில்தான். சித்திக்கு டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் பிள்ளைகளின் துணிமணி பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே விளையாட்டு டீச்சராக இருந்த வெள்ளைக்கார அம்மாள் தினமும் ஏரியைச் சுற்றி ஓடுவார். ஒரு நாள் அவர் மறந்து வைத்த துண்டைக் கொடுப்பதற்காகப் பின்னாலேயே ஓடிய சித்தி, பாதி ஏரி தாண்டி அவரைப் பிடித்தாளாம். துண்டை வாங்கிக்கொண்ட டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாளைக்கும் வா என்றாராம்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மே மாத சீசனில் ஏரியைச் சுற்றிப் பெண்களுக்கு ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கும். அதில் சித்தி முதலாவதாக வந்தால், உடற்பயிற்சி ஆசிரியை படிப்புக்கு மதுரையில் சொல்லிச் சேர்த்துவிடுவதாக டீச்சர் வாக்குக் கொடுத்தார். சித்திக்கு அதற்கப்புறம் தரையில் கால் பாவவில்லை. துணி மடிக்கிற வேலையை விட்டுவிட்டு விசில் ஊதுகிற வேலைக்குப் போகப்போவதாக என்னிடம் மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. விசில் எனக்கும் ஒன்று வேண்டும் என்பதுதான் என் கவலை.

மாமா திண்டுக்கல்லிலிருந்து கான்வாஸ் ஷூ வாங்கி வந்து கொடுத்தார். அம்மாதான் மசியவில்லை. "சோலி இல்லாம ஓடுனா ஊரு என்னடி சொல்லும்?" என்று கேட்டவள், கடைசியில் தானே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். சித்தி கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பினாள். வாளி கையில் இருந்தால் பால் வாங்க ஓடுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்களாம். அவ்வளவு தூரம் போய் எந்தப் பால் என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. காலி வாளி கடகடவென்று ஆட, சித்தி மலைச்சாலையில் ஏறி டவுனுக்கு ஓடுவாள். ஊரிலிருந்த கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த பெரிய மனிதர்கள்கூட, உழைக்கிற பெண் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

லீவு நாட்களில் முதல் பஸ்ஸில் மாமா என்னை ஏற்றிக்கொண்டு போய் ஏரிக்கரையில் இறக்கிவிடுவார். வாளியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். ஏரியின் மேல் பனி படுத்திருக்கும். சித்தி அதற்குள் புகுந்து காணாமல் போவாள். வாடகைக் குதிரைகள் இன்னும் வந்திருக்காது. நெடுநேரம் கழித்து, எதிர்பார்க்கிற இடத்தில் இல்லாமல் வேறொரு வளைவில் சித்தியின் சிவப்புத் தாவணி தெரியும். ஏரி அப்படி, கைகால்களைப் பரப்பிக்கொண்டு கிடப்பது.

ஏரி அலுத்தால் கோக்கர்ஸ் வாக். பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டிப் போகிற நடைபாதை அது. மேகம் விலகினால் கீழே பெரியகுளத்து வயல்களும் வைகை அணைத் தண்ணீரும் தெரியும். படம் பிடிக்கிறவர்களும் காரட் விற்கிறவர்களும் வருவதற்கு முன்னால் அங்கே ஓடி முடித்துவிட வேண்டும். ஆனால் சித்திக்குப் பிடித்தது வட்டக்கானல் பக்கத்துச் சோலைப் பாதைதான். வெள்ளகவி ஊர்க்காரர்கள் தலைச்சுமையோடு அந்த வழியாகத்தான் மேலே ஏறி வருவார்கள். வாளி இல்லாமல் போனாலும் ஏன் ஓடுகிறாய் என்று அவர்கள் கேட்டதில்லை. ஒதுங்கி வழிவிட்டார்கள். சித்திக்கு அந்த மரியாதை வேறெங்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

பந்தயத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து டவுனில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஓய்வு போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் சொந்தபந்தத்தில் டாக்டர் சொல்வதை அப்படியே நம்புகிறவர்கள் குறைவு. எந்த நேரமும் எதையாவது கேள்விப்படத் தயாராகவே இருந்தார்கள்.

அந்த வாரம் டீச்சர் சித்தியைக் கடைசியாக ஒரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். கை வீசி ஓட வேண்டும், வாளி கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று சித்தி ஓடிய வேகத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்த டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். சித்தி நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி மாமாவிடம் சொன்னாள். மாமா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, பஸ்ஸுக்கு விசில் கொடுப்பதுபோல வாயாலேயே ஒரு விசில் அடித்தாராம். அந்த சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வழிய, அம்மாவிடம் சொல்வதற்காகச் சித்தி ஆஸ்பத்திரி வாசலை விட்டு ஓடி வந்தாள்.

எதிரே மளிகைக் கடை வைத்திருந்த பாய், மாமாவின் நெடுநாள் சிநேகிதர். "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்டார். பந்தயத்துக்குப் பழகுவது அவருக்கும் தெரியும் என்பதால், அதைத்தான் கேட்கிறார் என்று சித்தி நினைத்தாள். ஓட்டத்தை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"முடிஞ்சிருச்சு பாய்!"

பாய் கடைக் கதவில் பாதியைச் சாத்தினார். செண்பகனூர் வழியாகப் பெருமாள்மலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸின் டிரைவரிடம் போய்ச் சொன்னார். தங்கள் கண்டக்டர் போய்விட்டார் என்றால் பஸ்காரர்கள் மெதுவாகவா ஓட்டுவார்கள்? சித்தி வருவதற்கு வெகு முன்னாலேயே செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. உபதேசியார் மாதா கோயிலில் துக்கமணி அடிக்க ஆரம்பித்தார். அம்மா வாசலில் விழுந்து புரண்டாள்.

சித்தி இறக்கத்தில் ஓடி வந்தவள் முதலில் மணியைக் கேட்டாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். தான் கிளம்பி வந்த பிறகு அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவளும் நம்பிவிட்டாள். "இப்பத்தானே பேசிட்டு வந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊரில் அதுவரை கொஞ்சம் சந்தேகம் வைத்திருந்தவர்களும் அத்தோடு விட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆளும் ஒப்பாரியில் சேர்ந்துகொண்ட பிறகு வேறென்ன வேண்டும்?

பெருமாள்மலைச் சொந்தக்காரர்கள் பெரிய சம்பங்கி மாலையோடு வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாமா ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். "ஏலே, யாருக்குடா மாலை?" என்று மாலையோடு முன்னால் நின்ற, தம்பி முறையான பெருமாள்மலைக்காரனிடம் அவர் கேட்டதும் அவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தான். பிறகு அம்மா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அவரவர் கேட்டதைச் சொல்லிச் சொல்லி ஒருவழியாகப் பாய் கடைவரை போய் விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். பாய் ஓடி வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மாமாதான்.

"அந்தத் தூக்குவாளி மட்டும் கையில இருந்திருந்தா இம்புட்டும் வந்திருக்குமா?" என்று அம்மா மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மாலையை எடுத்துப்போக யாருக்கும் மனம் வரவில்லை. அது ஜன்னலோரம் பெஞ்சியில் கிடந்தது. வந்தவர்கள் எல்லோரும் கலைந்து போன மத்தியானத்தில், சம்பங்கி வாசனை அறை முழுக்க நிரம்பியிருக்க, மாமாவின் சிரிப்பு ஓய்ந்துபோனது. உயிரோடு இருக்கும்போதே தனக்கு அடித்த மணியைப் பற்றி அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். எவ்வளவு நேரம் அடித்தார்கள், யாரெல்லாம் வந்தார்கள், யார் அழுதார்கள் என்று கேட்டார். பிறகு சித்தியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தாயி, நீ ஓடுற சத்தம் கேட்டா இனிமே எனக்கு அந்த மணிதான் கேக்கும். நான் இருக்குற வரைக்கும் ஓடாத ஆத்தா."

அதட்டியிருந்தால் சித்தி எதிர்த்துப் பேசியிருப்பாள், எனக்கு அவளைத் தெரியும். அவர் கெஞ்சினார். வளர்த்தவர் கெஞ்சும்போது என்ன செய்ய முடியும்? சித்தி சரி அண்ணே என்றாள். டீச்சர் வீடு தேடி வந்து பேசியும் ஒன்றும் நடக்கவில்லை.

மாமா அதற்குப் பிறகு நீண்ட காலம் இருந்தார். கல்யாணமும் செய்துகொண்டு, பேரன் பேத்தி பார்த்து, நல்ல சாவாகச் செத்தார். அவர் நன்றாக இருந்ததில் எனக்கு வருத்தமில்லை, அவரை எனக்கு உயிர். ஆனால் அந்த ஒரு பயத்துக்காகச் சித்தி தன் வாழ்க்கையைக் கொடுத்துவிட்டாளே என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு ஆறவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. ஒருத்தரும் கெட்டவர்களாக இல்லாமலே ஒரு பெண்ணின் ஆசை போய்விட்டது.

பந்தயத்தன்று மாமாதான் எங்களை ஏரிக்கு அழைத்துப் போனார். பார்க்கத்தானே போகிறோம் என்றார். சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தார். சித்தி அன்று புடவை கட்டியிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்வரிசையில் நின்றாள். கடைசி வளைவில் முதலாவதாக மலைக்குக் கீழேயிருந்து வந்த ஒரு பெண் திரும்பினாள். சித்தியின் ஓட்டத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு அவள் நடந்து வருவதுபோல இருந்தது. அதைச் சொல்ல நிமிர்ந்தேன். சித்தியின் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. புஸ் புஸ் என்று மூச்சு வாங்கினாள். என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வலித்தன.

எனக்குப் பயமாகிவிட்டது. "மாமா, சித்திக்கு உங்க நெஞ்சுவலி வந்திருச்சு!" என்று கத்தினேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். வேர்த்திருந்த அவள் நெற்றியைப் பார்த்தார், ஓடி வருகிறவர்களைப் பார்த்தார். பிறகு தன் சால்வையைக் கழற்றி அவள் தோளில் போர்த்திவிட்டு, குளிருது பாவம் என்றார். அதை நான் அப்படியே நம்பினேன்.