ஐயர் கையில் இருந்த சாவி

எங்கள் பக்கத்தில் ஐயர் என்றால் இரண்டு பேர். ஒருவர் பூணூல் போட்டவர், இன்னொருவர் வேதக்கோயிலில் பிரசங்கம் பண்ணுகிறவர். திருவள்ளூரில் என் சைக்கிள் கடைக்கு எதிரிலேயே சர்ச் இருந்ததால், எனக்கு ஐயர் என்றால் இரண்டாமவர்தான். இந்த ஒரு வார்த்தை வயதான புருஷன் பெண்டாட்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அவர் மெதடிஸ்ட் ஐயர். அந்தச் சபையில் ஊழியக்காரரை ஓரிடத்தில் உட்கார விடமாட்டார்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் வந்துவிடும். மூட்டை கட்டியே ஆயுசு ஓடிப்போனது. பஞ்சர் ஒட்ட வரும்போது சொல்லுவார்: "நான் சொவத்துல ஒரு ஆணி அடிச்சதில்ல தம்பி. எவனோ அடிச்ச ஆணியிலதான் சட்டைய மாட்டிக்கினு வந்தேன். ரிட்டயர் ஆனப்புறம் என் ஊட்டுல ஒரு ஆணி அடிக்கணும்."

1970களின் தொடக்கத்தில் ரிட்டயர் ஆனார். புது ஐயர் வருகிறார், சபை வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான்தான் வாடகை வீடு தேடினேன். திருவாலங்காட்டுப் பக்கம் நெல்வயல் உள்ள ஒருவர், டவுனில் புதிதாக வீடு கட்டி முன்கட்டில் குடியேறியிருந்தார். பின்கட்டு காலி. "ரிட்டயர் ஆன ஐயரு நைனா. அவரும் அம்மாவும்தான். பீடி, தண்ணி ஒண்ணும் கெடையாது" என்றேன்.

"ஐயரு வந்தா ஊட்டுக்கே லட்சணம்பா" என்று சாவியை என் கையில் வைத்து அழுத்தினார். அதை நான் ஐயரிடம் கொடுத்தேன்.

மாட்டு வண்டி வந்து நின்றபோது வீட்டுக்காரர் கை கூப்பிக்கொண்டுதான் வந்தார். வண்டியிலிருந்து இறங்கிய அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் கை இறங்கியது.

"இன்னாம்மா, பொட்டக் காணோம்?"

"நாங்க வேதக்காரங்க ஐயா."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஐயருன்னுதானடா சொன்ன?"

"ஐயருதான் நைனா."

"எந்தக் கோயிலு ஐயரு?"

"என் கடைக்கு எதிர்க்க இருக்கற கோயிலு."

எதிர் வீட்டில் ஒருவன் சிரித்தான். "நல்ல வேள, தெவசத்துக்குக் கூப்புடல."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஐயரிடம் சொந்த ஊர்ப் பேரைக் கேட்டார். சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"சேரிதான்" என்றார் ஐயர், ஞாயிற்றுக்கிழமை வசனம் வாசிக்கிற அதே குரலில்.

வீட்டுக்காரர் பின்னால் நகர்ந்தார். "சாவியக் கீழ வெச்சிட்டுப் போ" என்றவர், உள்ளே பார்த்து, ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். சாவியின் மேல் ஊற்றிவிட்டு எடுக்க.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சாவியைப் பிடுங்கி அவர் முகத்திலேயே எறிந்திருப்பேன். ஐயர் என்னைத் தடுத்து, கையை நீட்டினார். உள்ளங்கையில் சாவி.

"ஊடு உங்களுது. இல்லன்னா சரி. ஆனா இத கையில குடுத்தீங்க. கையில வாங்கிக்குங்க."

அவர் வாங்கவில்லை. ஐயரும் கையை மடக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. அந்தத் தெருவில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐயர் இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒருத்தராவது வாயைத் திறந்து 'வாங்கிக்கோ நைனா' என்று சொன்னார்களா? சொம்பில் இருந்த தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஐயர் சாவியை ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். "வண்டியத் திருப்புப்பா."

கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்திருந்தன. மகனுக்கு அங்கே வேலை, ஓர் அறை உள்ள லைன் வீடு. அதில் போய் ஒடுங்கினார்கள். அந்தச் சுவரில்தான் ஐயர் முதன்முதலாக ஆணி அடித்தார். சட்டை மாட்ட அல்ல, அந்தச் சாவியை மாட்ட.

பின்கட்டுக் கதவோ தேக்கு, பூட்டு கதவோடு பதித்தது. இருந்தது ஒரே சாவி. உடைக்க மனம் வராமல், சாவியை என் கடையில் கொடுத்துவிடச் சொல்லி வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். சபைக்காரர்களும் மன்னித்துவிடும்படி ஐயருக்கே புத்தி சொன்னார்கள். நான் போய்க் கேட்டபோது அவர் கோபம் ஆறவே இல்லை.

"காலைலயும் ராத்திரியும் அவருக்காக ஜெபம் பண்றேன் தம்பி. மன்னிப்பு ரெடியாத்தான் இருக்குது. வாங்கிக்க ஒரு கை வாணாமா?"

அந்தக் கை வரவில்லை. சில வருஷம் கழித்து ஐயர் காலமானார். அடக்கம் முடிந்ததும் அம்மா ஆணியிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் தந்தார்.

நேராக அந்த வீட்டுக்குப் போனேன். சாவியைக் கண்டதும் வீட்டுக்காரர் கையை நீட்டினார். யோசிக்கக்கூட இல்லை, என் கை என்பதால் சட்டென்று நீட்டினார்.

"இந்தக் கைய அன்னிக்கு நீட்டியிருந்தா, பின்கட்டுல வெளக்கு எரிஞ்சிருக்கும் நைனா" என்று சொல்லிவிட்டு, சாவியோடு கடைக்குத் திரும்பினேன்.