அண்ணியின் ஸ்கிரிப்ட்

நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பிய பிறகு எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அதனால் அண்ணி வேலை செய்யும் நாடக அரங்குக்கு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். பின்சுவரை ஒட்டி, இரும்பு ஏணியில் ஏறிப் போகவேண்டிய கண்ணாடி அறைதான் அவளுடைய ராஜ்ஜியம். ஒரு கணினி, காதில் மாட்ட ஒரு ஹெட்போன், கிரீச்சிடும் நாற்காலிகள். மேடை விளக்குகள் அத்தனையும் அங்கிருந்துதான் அவள் சொன்னபடி கேட்கும்.

விளக்குகளை இயக்கும் மென்பொருளை எழுதியது என் அண்ணன். எந்தக் காட்சியில் எந்த விளக்கு எரியவேண்டும் என்று அந்த மென்பொருளுக்குச் சொல்லும் வரிகளை எழுதுவது அண்ணி. வீட்டில் இதை வைத்து ஓயாத ரகளை.

“நான் எழுதுறது ப்ரோக்ராம். நீ எழுதுறது வெறும் ஸ்கிரிப்ட்.”

“அடுப்பு செஞ்சு வச்சுட்டா சமையல் தானா ஆயிடுமா?”

ஆனால் அரங்கின் மேலாளர் அண்ணன் கட்சி. காட்சிகளையும் ப்ரோக்ராமுக்குள்ளேயே வைத்துவிட்டால் கண்ணாடி அறைக்குத் தனியாக ஆள் எதற்கு என்று கேட்டிருந்தார். அன்றைய பகல் காட்சியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக, அண்ணனையும் கூட்டிக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்தார்.

முதல் காட்சியின் கடைசியில், அரசனாக நடித்த கதாநாயகன் படியிலிருந்து குதித்தார். கால் பிசகிவிட்டது. திரை விழுந்தது.

ஹெட்போனைக் கழற்றிய அண்ணி, “அவரால நிக்க முடியலயாம். ஓரமா நாற்காலி போட்டு உக்காரவச்சே நடத்தப் போறாங்களாம்” என்றாள்.

மிச்சக் காட்சிகளின் வெளிச்சமெல்லாம் மேடை நடுவில். மேலாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். “உங்க ப்ரோக்ராம்ல வச்சிருந்தா இப்ப மாத்த முடியுமா சார்?”

“முடியும். ஆனா முழுசையும் மறுபடி கம்பைல் பண்ணி, மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்தணும். நிறுத்திட்டுத் திரும்ப ஓடவிடணும். அதுவரைக்கும் மேடை இருட்டுதான்.” அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவன்.

அண்ணி இருவரையும் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு காட்சியின் ஸ்கிரிப்டையும் அந்தக் காட்சி தொடங்கும்போதுதான் கணினி படிக்கும். அதற்குள் மாற்றினால் போதும்.

“ஏய் ஊர்சுத்தி, அந்த ஃபேன நிறுத்து. முடி கண்ணுல விழுது!”

நிறுத்தினேன். ‘நடு’ என்று இருந்த இடமெல்லாம் ‘ஓரம்’ ஆனது. திரை எழுந்தது. நடு மேடை இருளில் கிடக்க, ஓரத்து நாற்காலியில் அரசன் தனியாக ஒளிர்ந்தான். அந்தக் காட்சி ஓடும்போதே அண்ணி அடுத்ததைத் திருத்தினாள். புயல் காட்சியில், ஒத்திகையில் இல்லாத மின்னல் ஒன்றையும் சேர்த்து அடித்தாள். கைதட்டலில் கண்ணாடி அதிர்ந்தது.

ஏணியில் இறங்கும்போது மேலாளர் நின்று சொன்னார். “ப்ரோக்ராம் பிரமாதம்மா. இந்த ரூமுக்கு இனிமே நீங்கதான்.”

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். “கேட்டுச்சா? ப்ரோக்ராமாம்!”

“அவரு நாடகத்தச் சொன்னாரு.”

“எதச் சொன்னா என்ன? ஸ்கிரிப்ட் என்னோடது.”