மதினி கேட்டுச் சொன்ன இரண்டு சின்தசைசர்கள்

மதினியை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன் வருவது அவருடைய தூக்கிய கைதான். கண்மாயின் எதிர்க்கரையில், சீமைக்கருவேலம் மறைக்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, என் செல்போனை வலது கையால் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருப்பார். காற்று மைக்கில் அடிக்காமல் இருக்க, இடது கையால் சேலைத் தலைப்பை இழுத்துப் போனின் ஒரு பக்கத்தை மறைத்திருப்பார். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் யாரோ பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவதுபோல் இருக்கும். திருச்சுழி போகிற பஸ் ஒன்று ஒருமுறை நிஜமாகவே நின்றுவிட்டது. "ஏத்தா, ஏறுறியா இல்லையா?" என்று டிரைவர் கத்தியதும், "சத்தம் போடாதீக, ரெக்கார்டு ஆகுது!" என்று மதினி திருப்பிக் கத்தியதும் அந்தப் பதிவில் இருந்தன. இருந்தன என்றுதான் இப்போது சொல்ல முடிகிறது.

என் அண்ணனுக்கு மைக்செட் தொழில். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் உள்ள ஊர்களில் கோயில் பொங்கலோ காதுகுத்தோ எதுவானாலும், வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். நான் படிப்பை முடித்துவிட்டு, ஒரு பழைய லேப்டாப்பும் சின்னக் கீபோர்டும் வைத்துக்கொண்டு மாடியறையில் இசை செய்துகொண்டிருந்தேன். செட்டு கட்டியதும், முதல் பாட்டுக்கு முன்னால், ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்கிற அரை நிமிடத் துவக்க இசை ஒன்று அண்ணனுக்கு வேண்டும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் புதிதாக ஒன்று. அதுதான் என் வேலை. மதினி அண்ணனைக் கட்டிக்கொண்டு எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். கேலி பேசாமல் அவரால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது.

நான் பயன்படுத்தியது வேவ்டேபிள் சின்தசைசர் என்கிற வகை மென்பொருள். ஒலியின் ஒற்றை அலை ஒன்றை எடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, நூறு இருநூறு அலைகளாக வரிசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு திருகைத் திருப்பினால் அந்த வரிசையில் முன்னும் பின்னும் போகலாம். புல்லாங்குழல்போலத் தொடங்கிய ஒலி, தகரமாகி, கண்ணாடியாகி, மனிதத் தொண்டையாகி முடியும். என்னிடம் இப்படி இரண்டு மென்பொருள்கள் இருந்தன. ஒன்றுக்கு நீலத்திரை, மற்றதற்குக் கறுப்புத்திரை. நீலம் முதலில் வந்தது என்பதால் மதினி அதை "மூத்தவ" என்பார். பின்னால் வந்த கறுப்பு "எளையவ". வீட்டில் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

எனக்கு இளையவள் மேல் கொள்ளைப் பித்து. ஹெட்போனில் கேட்டால் அவள் அவ்வளவு அழகு. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் பதினாறு குரல்கள் இடமும் வலமுமாக விரிந்து காதுக்குள் கோபுரம் கட்டும். அந்த மயக்கத்தில் ஒரு வைகாசிப் பொங்கலுக்குத் துவக்க இசை செய்து அண்ணனிடம் பென்டிரைவில் கொடுத்துவிட்டேன். குழாய் ஸ்பீக்கருக்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது. எல்லாம் ஒரே வாய். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்ததில் பாதிக் குரல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்தன. அடிச்சுரத்தைக் குழாய் எப்போதுமே விழுங்கிவிடும். மிச்சம் வந்தது ஒரு முனகல். சாமியாடி உட்பட எல்லோரும் மரத்தை அண்ணாந்து பார்க்க, பெரியவர் ஒருவர், "என்னப்பா, கொழாய்க்குள்ள குளவி கூடு கட்டிருச்சா?" என்று கேட்டாராம். அண்ணன் வீட்டுக்கு வந்து பென்டிரைவை என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார். அதுதான் அவருடைய கோபம்.

மதினிதான் வழி சொன்னார். "கொழுந்தனாரே, நீங்க காதுக்குள்ள வச்சுக் கேட்டா ஊருக்கு என்ன கேக்கும்னு எப்பிடித் தெரியும்? நான் கரையில போயி நிக்கிறேன். நீங்க இங்கனருந்து போடுங்க."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் வெயில் தாழ்ந்ததும் அதுதான் எங்கள் வேலை. மொட்டைமாடியில் ஒரு குழாயைக் கண்மாய்ப் பக்கம் திருப்பி வைப்பேன். ஒரே மெட்டை முதலில் மூத்தவளில் வாசித்துவிட்டு, பத்து எண்ணி, இளையவளில் வாசிப்பேன். மதினி கரையில் நின்று இரண்டையும் பதிவு செய்வார். ஒவ்வொன்றும் முடிந்ததும் அதே பதிவிலேயே தீர்ப்பும் சொல்லிவிடுவார். "எளையவ சிங்காரிச்சுக்கிட்டுத்தான் கெளம்புறா. பாதித் தண்ணி தாண்டல, அதுக்குள்ள மூச்சு வாங்குது." "மூத்தவ கரையேறி வந்து கன்னத்துல அறையுறா." ஒருமுறை, "ரெண்டும் வேணாம், அந்தா ஒரு ஆடு கத்துதுல்ல, அதப் போடச் சொல்லுங்க ஒங்க அண்ணன" என்றார். மாடியறையில் அதைக் கேட்டு நானும் அண்ணனும் சிரித்த சிரிப்பில் கீழே கட்டியிருந்த ஆடுகள் மிரண்டன.

மென்பொருளைக் கையாளுவதிலும் அவர் தீர்ப்பு எனக்குப் பயன்பட்டது. இரண்டு கையாலும் வாசிக்கும்போது அலையை மாற்றுகிற அந்தத் திருகைத் திருப்ப ஆள் வேண்டும். ஒருநாள் மதினியை மவுஸைப் பிடிக்கச் சொன்னேன். இளையவளில் அந்தத் திருகு பட்டியலுக்குள் பட்டியலாக ஒளிந்திருந்தது. "இவ என்ன, உப்பு டப்பாவப் பரண்ல வச்சிருக்கா" என்று சலித்துக்கொண்டார். மூத்தவளில் அது நட்டநடுவில் பெரிதாக இருந்தது. திருப்பத் திருப்ப அலையும் திரையில் நெளிந்து காட்டியது. மதினி மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்து, சங்கு ஊதுவதுபோல் ஒலி திறந்த இடத்தில் சட்டென்று நிறுத்தினார். "இங்கன விடுங்க. இதத் தாண்டுனா கத்துது." அதுவரை எத்தனையோ முறை நானும் அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன், நின்றதில்லை. இரண்டு ஆண்டுகள் அண்ணனின் செட்டு போன ஊரிலெல்லாம் அந்த ஒலிதான் முதலில் கேட்டது.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். அவர் கொண்டுவரும் பதிவை ஒருமுறை கேட்டதும், ஒலி மட்டும் இருக்கும்படி முன்னும் பின்னும் வெட்டிவிட்டு, மூலத்தை அழித்துவிடுவேன். லேப்டாப்பில் எப்போதும் இடம் இருக்காது. அதோடு, ஒப்பிட்டுக் கேட்கும்போது நடுவில் பேச்சு வந்தால் காது கலையும். சுத்தமாக வெட்டுவதில் எனக்குப் பெருமை வேறு. நாற்பதுக்கும் மேல் பதிவுகள். மதினி வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாப் பதிவும் முடிந்துவிடும்.

பிறகு எனக்கு மதுரையில் வேலை கிடைத்தது. விளம்பரங்களுக்கு இசை போடுகிற வேலை. நான் போன மறு ஆண்டு மதினிக்கு மஞ்சள் காமாலை வந்து முற்றிவிட்டது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசியாகப் பார்த்தபோதும், "ஒங்க எளையவ எப்பிடி இருக்கா?" என்றுதான் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று தலையை ஆட்டினேன். இன்றும் புதிய மென்பொருள் ஏதாவது வந்தால், வாங்குவதற்கு முன் யாரையாவது கரையில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று கை பரபரக்கிறது. இங்கே கரையும் இல்லை, நிற்க ஆளும் இல்லை. எது நல்லது என்று இளைஞர்கள் போனில் கேட்கிறார்கள். எதையோ சொல்கிறேன், ஆனால் அப்படிக் கேட்டுச் சொல்ல எனக்கு ஒருவர் இருந்தார் என்கிற ஏக்கம் அன்றைக்கு முழுவதும் விடாது.

போன மாதம் அண்ணன் மதுரைக்கு வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒன்ட்ட அவ கொரல் எதுவும் கெடக்காடா? எனக்கு மொகம் இருக்கு, கல்யாண போட்டோ இருக்கு. கொரல்தான் மறந்துட்டு வருது."

மதினி வாய்ஸ் மெசேஜ் போடுகிறவர் இல்லை. "செவுத்துட்ட பேசுற மாதிரி இருக்கு" என்பார். அவருடைய போன் எப்போதோ தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போனது. ஊருக்கெல்லாம் மைக் கட்டிய வீட்டில் அவர் பேசிய ஒரு வார்த்தை பதிவாக மிச்சமில்லை. இருந்ததையும் நான் வெட்டினேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒனக்கென்னடா தெரியும் அப்ப" என்றார்.

பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்து அந்த நாற்பது சொச்சப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இளையவளின் பதிவுகள் எல்லாமே கத்தரித்ததுபோல் முடிந்தன. பழைய லேப்டாப் அவள் பாரத்தைத் தாங்காது. கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் ஒலி துண்டாக நின்றுவிடும். அதனால் வெட்டுவதும் எளிதாக இருந்திருக்கிறது. மூத்தவள் அப்படியில்லை. விரலை எடுத்த பிறகும் அவள் ஒலி இழைந்து இழைந்து மெல்ல அடங்கும். ஒரே ஒரு பதிவில், அது முழுக்க அடங்கட்டும் என்று நான் சற்றுத் தாமதமாக வெட்டியிருக்கிறேன்.

ஒலியைக் கூட்டிக் கேட்டோம். சங்கு போன்ற ஒலி தேய்ந்துகொண்டே போகிறது. அதற்கு அடியில் காற்று. வளையல் ஒருமுறை உரசுகிறது. பிறகு, மிக அருகில், யாரோ மூச்சை உள்ளே இழுக்கிறார்கள். அதோடு பதிவு முடிந்துவிடுகிறது.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவதான்டா. பேசப் போறா, பாரு. எதையாச்சும் கிண்டலாச் சொல்றதுக்கு முன்னாடி இப்பிடித்தான் இழுப்பா."

மறுபடியும் போட்டேன். மறுபடியும் அந்த மூச்சு வந்து நின்றது. நான்கைந்து முறை கேட்டபின், இனிப் போதும் என்று நான் பதிவை மூடப் போனேன். அவர் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, குழந்தையிடம் கெஞ்சுவதுபோல் என்னிடம் சொன்னார்.

"இன்னும் ஒருக்காப் போடுடா. இந்தத் தடவ வெட்டாமப் போடு."