முதலில் பதில் அனுப்பியவள்

லாண்டரி அக்காவுக்குத் தோற்கத் தெரியாது. கேரம் ஆடினாலும் சரி, வங்கியில் வரிசையில் நின்றாலும் சரி, தனக்கு முன்னால் ஒரு ஆள் இருந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அப்படிப்பட்டவள், எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத ஒருவரிடம் தோற்றுப்போய், ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்கள் துணியைக் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தார்கள்.

தோற்றது பகா எண் தேடலில். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே ஹேங்கர் மூட்டைக்கும் சோப்புத்தூள் சாக்குக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மகள் படங்களுக்கு உயிர் கொடுக்கும் அனிமேஷன் வேலைக்காக வாங்கி, வெளியூரில் வேலை கிடைத்ததும் விட்டுப்போனது. இவ்வளவு வலுவான இயந்திரம் ரசீது அடித்துக்கொண்டு சும்மா கிடக்கிறதே என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான் அந்தத் தன்னார்வத் திட்டம் கண்ணில் பட்டது. உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் கம்ப்யூட்டரை அதற்கு இரவல் தருகிறார்கள். லட்சக்கணக்கான இலக்கங்கள் கொண்ட ஒரு எண் வரும். அது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண்ணா, இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். ‘நுரை’ என்று ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டு அவளும் சேர்ந்தாள்.

அந்தத் திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிழை வந்துவிடக் கூடாது என்று ஒரே எண்ணை இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். பகா எண் என்று இரண்டு விடையும் ஒத்துப்போனால், முதலில் பதில் அனுப்பியவர் கண்டுபிடித்தவர். அடுத்தவர் சரிபார்த்தவர், அவ்வளவுதான்.

அவளுடைய கம்ப்யூட்டர் முதன்முறையாக ‘ஆம்’ என்று சொன்ன நாளில் அவள் குதித்த குதியில் கணவர் இஸ்திரிப்பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு ஓடிவந்தார். திட்டத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், கண்டுபிடித்தவர் வேறு யாரோ. நுரை சரிபார்த்தவள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே விடைதானே வந்திருக்கு? நீயும்தான் கண்டுபிடிச்சிருக்க” என்றார் கணவர்.

“தாலி கட்டுறவரும் சாட்சிக் கையெழுத்துப் போடுறவரும் ஒண்ணா?” என்று கேட்டாள். கணவர் கருகிய சட்டையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வெறி. ஒரு தடவையாவது ஒரு பகா எண்ணுக்கு எதிரே, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் தன் பெயர் நிற்க வேண்டும். அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல அவள் மெனக்கெடவில்லை. வேண்டும் என்றால் வேண்டும்.

முதலில் கம்ப்யூட்டரை ஒரு கை பார்த்தாள். அதன் பிராசஸரில் எட்டு கோர்கள், அதாவது கணக்குப் போட எட்டு ஆட்கள். ஆளுக்கு ஒரு எண் என்று எட்டு எண்களைப் பிரித்துக் கொடுத்திருந்தாள். நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது. ஆனால் எட்டு பேருக்கும் பக்கத்தில் கணக்கை விரித்து வைக்க இருப்பது கேஷ் என்கிற ஒரே ஒரு சின்ன நினைவகம். அதில் இடம் பற்றாமல், ஒவ்வொரு கோரும் தூரத்திலிருக்கும் பெரிய நினைவகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தது. துணி மடிக்கும் மேசை ஒன்றுதான். அதில் எட்டு பேர் எட்டுப் படுக்கை விரிப்புகளை விரித்தால் யாருக்கு வேலை நடக்கும்?

ஆகவே எட்டு கோர்களையும் சேர்த்து ஒரே எண்ணின் மேல் ஏவிவிட்டாள். கணக்கு முழுக்க அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே அடங்கியது. முன்பு ஒரு நாள் முழுக்க இழுத்த எண், இப்போது மதியச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவிலேயே முடிந்தது. அதோடு விட்டாளா? ஒவ்வொரு கோரும் இரண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலை, ஓட்டும் என்று எங்கோ படித்துவிட்டு, எட்டைப் பதினாறாக்கினாள். வேகம் குறைந்தது. முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டதுதான் மிச்சம். தன் பேராசையைத் தானே திட்டிக்கொண்டு மறுபடி எட்டுக்கு வந்தாள். அப்புறம், சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்தாள். அந்த அறைச் சுவரை ஒட்டியிருந்த இஸ்திரி மேசையைத் தூக்கி வாசல் பக்கம் போட்டாள். அங்கே வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது என்று கணவர் முணுமுணுத்தார். கம்ப்யூட்டருக்கு வாய் இல்லை, உங்களுக்கு இருக்கிறது, அதனால் நீங்கள் சமாளித்துக்கொள்வீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

இவ்வளவும் செய்து, சோதித்த எண்களின் பட்டியலைத் திறந்தால் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாதிக்கு மேல் இன்னமும் இரண்டாவதாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தன. கணக்கு மின்னலாக முடிகிறது, பதில் மட்டும் ஆடி அசைந்து போகிறது. இணையத்தைத் திட்டினாள். கம்பெனிக்குப் போன் போட்டு அவர்களையும் திட்டினாள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் கடைக்குள் வந்தாள். கணவரின் தங்கை; வாயில் அண்ணிக்குச் சற்றும் இளைத்தவள் இல்லை.

“அண்ணி, ஒரு திரைச்சீலைய துவைக்க எவ்வளவு நேரமாகும்?”

“முக்கால் மணி நேரம்.”

“அப்போ திங்கக்கிழமை குடுத்த என் திரைச்சீலை இத்தனை நாளா இங்க என்ன பண்ணுது?”

“வரிசையில இருக்கு” என்றவள், அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த நிமிடம் நாத்தனாரை நட்டநடுக் கடையில் விட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள்.

சோப்பு, நீலம், பொத்தான் என்று எதையும் இரண்டு மடங்கு வாங்கி அடுக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அதே புத்தி இங்கேயும் வேலை செய்திருந்தது. இணையம் அறுந்தால் கம்ப்யூட்டர் சும்மா இருக்குமே என்று, இரண்டு நாளுக்கு வேண்டிய எண்களை முன்கூட்டியே வாங்கிக் கைவசம் வைத்திருக்கும்படி சேர்ந்த அன்றே செட்டிங்கில் போட்டிருந்தாள். வாங்கிய எண் அவளிடம் வரிசையில் தூங்கிக்கொண்டிருக்க, அதே எண்ணை வாங்கிய ஆள் உடனே உட்கார்ந்து முடித்துக்கொண்டிருந்தார். மின்னல் வேகம் எல்லாம் வரிசையின் கடைசியில் போய் நின்றால் என்ன பிரயோஜனம்? கைவசம் என்ற இடத்தில் பூஜ்ஜியம் போட்டாள். ஒன்றை வாங்கு, முடி, அனுப்பு, அடுத்ததை வாங்கு. திரைச்சீலையும் அன்றே நாத்தனார் வீட்டு ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன்பிறகு பட்டியலில் ஏறக்குறைய எல்லாமே முதலாவதாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் பகா எண் என்பது ஆர்டர் கொடுத்தால் வருகிற பொருளா? இல்லை, இல்லை, இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. மழைக்காலம் வந்து போனது.

ஒரு மதியம், அவளும் கணவரும் ஒரு விடுதியின் விரிப்பை ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தபோது பின்னறையில் மணி அடித்தது. ‘ஆம்’ என்று வந்தால் மட்டுமே அடிக்கும் மணி. இந்த முறை அவள் குதிக்கவில்லை. விரிப்பின் முனையை விடவும் மறந்து நடந்தாள். மறுமுனையைப் பிடித்தபடி கணவரும் பின்னால் வந்தார்.

கண்டுபிடித்தவர்: நுரை. சரிபார்த்தவர் என்ற இடம் காலியாக இருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த விரிப்பிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுவது சினிமாவில் மட்டும்தான் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

மறுநாள் இரண்டாவது விடையும் வந்து ஒத்துப்போனது. உலகத்தில் அதுவரை யாரும் அறியாத ஒரு பகா எண்ணை முதலில் அறிந்தவள் இந்தத் தெருவில் துணி துவைக்கிறாள் என்று நாத்தனார் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கணவர் கடைக்கு வந்தவர்களையெல்லாம் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். எண்ணை முழுதாகப் படித்துக் காட்டச் சொன்னார் ஒரு வாடிக்கையாளர். படித்து முடிப்பதற்குள் உங்கள் சட்டை பழசாகிவிடும் என்று அக்கா சொன்னாள். கால் தரையில் பாவவில்லை.

கூட்டம் குறைந்ததும், தோற்றவர் யார் என்று பார்க்கலாமே என்று அந்தப் பக்கத்தை ஆசையாகத் திறந்தாள். இரண்டு பேருக்கும் எண் வந்தது ஏறக்குறைய ஒரே நேரத்தில். அந்த ஆளின் பதில் போனதுதான் மறுநாள். அங்கேயும் எண் வரிசையில் தூங்கியிருக்கிறது என்று புரிந்தது. அந்த ஆளுக்கு ஒரு செய்தி தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்: கைவசம் எத்தனை எண் வைத்திருக்கிறீர்கள்? பூஜ்ஜியம் ஆக்குங்கள். எல்லா கோர்களையும் ஒரே எண்ணில் போடுங்கள்.

தோளுக்கு மேலாகப் படித்த கணவருக்குப் பதறியது.

“இவ்வளவு பாடுபட்டுக் கத்துக்கிட்டதத் தூக்கி அவங்க கையிலயே குடுக்கறியே? அடுத்த தடவை உன்ன முந்திட்டா?”

“முந்தட்டும் பாக்கலாம். தூங்கிட்டிருந்தவங்கள ஜெயிச்சாச்சு. இனிமே ஓடி வர்றவங்கள ஜெயிக்கணும்” என்று சொல்லி, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.